நமக்காகச் சாட்சி சொல்பவர் யார்?



உம்ராவுக்குச் செல்ல நாடும் முதியோரும், வளைகுடா நாடுகளில் பணிபுரியும் கணவரிடம் செல்லவிருக்கும் இளம் பெண்களும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பது நம் இல்லங்களில் இன்று வழக்கமாகிவிட்டது. பிறப்புச் சான்றையும் முகவரிச் சான்றையும் கவனமாகத் தேடி எடுக்கின்றோம். ஆனால், நம்மை அறிந்த இருவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்கும் இடத்தை மட்டும், நினைவுக்கு வரும் எவரையேனும் எழுதி நிரப்பிவிடுகின்றோம்.

அவ்விருவரும் நாம் இப்போது குடியிருக்கும் பகுதியிலேயே வாழ்பவர்களாக இருக்க வேண்டும். காவல்துறை விசாரணையின்போது, "இவர் இங்குதான் வசிக்கிறாரா? எப்படிப்பட்டவர்?" என்று அவர்களிடம் கேட்கப்படலாம். எனவே சென்னையிலிருக்கும் செல்வாக்கு மிக்க நண்பர் இதற்குப் பயன்படமாட்டார். உறவினரையும் தவிர்ப்பதே நலம். பட்டமோ பதவியோ இங்கே தேவையில்லை.

ஒருவருக்காகப் பரிந்துரைக்க வந்த மனிதரிடம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள், "நீர் அவருடைய அண்டை வீட்டுக்காரரா? அவரோடு பயணம் செய்ததுண்டா? கொடுக்கல் வாங்கல் வைத்ததுண்டா?" என்ற கருத்தில் வினவினார்கள் என்றும், மூன்றுக்கும் 'இல்லை' என்று விடை வரவே, "அப்படியானால் நீர் அவரை அறியமாட்டீர்" என்று கூறிவிட்டார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது. ஆளைத் தெரிவு செய்ய இதைவிடச் சிறந்த அளவுகோல் வேறென்ன வேண்டும்?

திருவண்ணாமலையில் வாழும் நம் குடும்பங்களையே எடுத்துக்கொள்வோம். அடுத்த வீட்டில் இருப்பவர் கோயில் வாசலில் பூ விற்கும் இந்துச் சகோதரராக இருக்கலாம். நம் நல்லது கெட்டதுகளைப் பல்லாண்டுகளாக அறிந்த அவரை விடுத்து, வேற்றூர் ஜமாஅத் தலைவரின் பெயரை எழுதுவது பொருந்தாது. இதற்கு மதம் தடையன்று.

பௌர்ணமி கிரிவலத்தன்றும் கார்த்திகை தீபத்தின்போதும் இத்தகையோர் இரவு பகலாக வியாபாரத்தில் இருப்பர். காவலர்களும் பாதுகாப்புப் பணியில் இருப்பர். எனவே வீட்டு முகவரியோடு, எப்போதும் கையிலிருக்கும் கைப்பேசியின் எண்ணையும் கேட்டு எழுதுங்கள். அவருடைய சம்மதத்தை முன்னதாகவே பெறுவது நம் கடமை.

சகோதரிகள் மற்றொன்றையும் மனத்திற்கொள்ள வேண்டும். புதிதாக வாழ வந்த பெண்ணை அத்தெருவில் 'பாய் வீட்டு மருமகள்' என்றே அறிவர். விண்ணப்பத்திலுள்ள பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி எவரும் இங்கில்லையே!" என்று அண்டை வீட்டார் கள்ளமின்றிச் சொல்லிவிடக்கூடும். ஆகவே மாமியார்மார்கள் மருமகளை அண்டை வீட்டாருக்கு அவளது முழுப் பெயருடன் அறிமுகப்படுத்துங்கள்.

பிறருக்காகச் சாட்சி சொல்லும் நிலை நமக்கும் வரும். தம் தெருவில் வசிக்காத ஒருவரை, "இங்குதான் இருக்கிறார்" என்று சொல்லுமாறு உறவினரே வேண்டினாலும் இணங்காதீர்கள். பொய்த் தகவல் தந்து பாஸ்போர்ட் பெற முயல்வோருக்கு 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவு 2 ஆண்டுகள் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. அக்குற்றத்திற்குத் துணைபோகிறவருக்கும் அதே தண்டனைதான். தமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமானாலும் உண்மையாகவே சாட்சி பகர வேண்டுமெனத் திருமறை (4:135) கட்டளையிடுவதை மறவாதீர்கள்.

நல்ல அண்டை வீட்டாராக வாழ்ந்தவருக்கு நல்ல சாட்சி தெருவிலேயே கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.