ஸ்டேபிள்காயின் கையிருப்பு: சான்றறிக்கை பார்க்காத நாட்கள்

ஒரு டோக்கனுக்கு ஒரு டாலர் என்ற வாக்குறுதியின் மேல் நிற்கும் ஸ்டேபிள்காயின்களின் மொத்தப் புழக்கம் 2025ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 30,000 கோடி டாலராக இருந்தது. அதில் பாதிக்கு மேல் டெதர் நிறுவனம் வெளியிடும் யூஎஸ்டிடி. எஞ்சியதில் பெரும்பகுதி சர்க்கிள் நிறுவனத்தின் யூஎஸ்டிசி. வெளியீட்டு நிறுவனம் வாடிக்கையாளரிடம் டாலரைப் பெற்று, அதற்கு ஈடான டோக்கன்களைப் பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் உருவாக்கித் தருகிறது. டோக்கன் திரும்பி வரும்போது அதை அழித்துவிட்டு டாலரைத் திருப்பித் தருகிறது. இடைப்பட்ட காலத்தில் அந்த டாலரை வங்கி வைப்பாகவோ குறுகிய காலப் பத்திரங்களாகவோ கையிருப்பில் வைத்துக்கொள்கிறது. கையிருப்பே இல்லாமல், உடன்பிறந்த வேறொரு டோக்கனை அச்சிட்டு விலையைத் தாங்கிப் பிடிக்க முயன்ற டெராயூஎஸ்டி 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் சரிந்தொழிந்தது. அவ்வகையைப் பற்றி இங்கே மேலும் பேச வேண்டியதில்லை. கையிருப்பு உண்டு என்று சொல்லி, அதற்குச் சான்றறிக்கையும் காட்டும் நாணயங்களே தணிக்கையாளர்களின் மேசைக்கு வருகின்றன. அவற்றைப் பற்றித்தான் தொழில்முறையில் ஒரு நிலைப்பாடு தேவைப்படுகிறது.

'கையிருப்பு உண்மையில் இருக்கிறதா?' என்பதே வாடிக்கையாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. அக்கேள்விக்கு ஒரு குறிப்பிட்ட தேதியைச் சுட்டி 'இருந்தது' என்று விடையளிப்பது எளிது. அந்த விடையை வைத்துக்கொண்டு அந்நாணயம் பாதுகாப்பானது என்ற முடிவுக்கு வருவதுதான் பிழை. எந்தெந்த நாட்களில் இருந்தது, யார் பெயரிலுள்ள கணக்கில் இருந்தது, கேட்டவர் கைக்கு எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும் என்னும் மூன்றும் தெரியாத வரை, கையிருப்பு பற்றிய எந்தச் சான்றும் பாதிச் சான்றே. இது வெறும் கோட்பாடு அல்ல என்பதற்கு இத்துறையின் குறுகிய வரலாற்றிலேயே இரண்டு நிகழ்வுகள் ஆவணங்களோடு கிடைக்கின்றன.

முதலாவது 2017 செப்டம்பர் 15ஆம் தேதி நடந்தது. டெதர் மீதும், அதன் தோழமை நிறுவனமான பிட்ஃபினெக்ஸ் என்னும் கிரிப்டோ பரிமாற்றகத்தின் மீதும் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் நடத்திய விசாரணையின் முடிவுகள் 2021 பிப்ரவரியில் வெளிவந்தன. அவற்றின்படி, 2017 செப்டம்பர் நடுப்பகுதியில் புழக்கத்தில் இருந்த டோக்கன்கள் ஏறத்தாழ 44.2 கோடி, ஆனால் டெதருக்காக அதன் தலைமைச் சட்ட ஆலோசகர் வைத்திருந்த வங்கிக் கணக்கில் இருந்தது ஏறத்தாழ 6.15 கோடி டாலர் மட்டுமே. மீதித் தொகை பிட்ஃபினெக்ஸின் கணக்கில், அப்பரிமாற்றகத்தின் பிற பணத்தோடு கலந்து கிடந்தது. செப்டம்பர் 15ஆம் தேதி காலையில்தான் டெதரின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு திறக்கப்பட்டது. அன்றே பிட்ஃபினெக்ஸ் அக்கணக்குக்கு 38.2 கோடி டாலரை மாற்றியது. அன்று மாலை கணக்காய்வு நிறுவனம் இருப்பைச் சரிபார்த்தது. இரு தொகைகளையும் கூட்டினால் 44.35 கோடி வருகிறது. புழக்கத்தை ஈடுகட்டியது போகச் சிறிது மிச்சமும் இருக்கிறது. சரிபார்த்தவர் எழுதிய எண் தவறானதல்ல. அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த பணத்தின் வயது சில மணி நேரம் என்பது மட்டும் அந்த ஆவணத்தைப் படித்த எவருக்கும் தெரிய வழியில்லை. சரக்குச் சரிபார்ப்புக்கு ஆள் வரும் காலையில் பக்கத்துக் கடையின் மூட்டைகளைத் தன் கிடங்கில் அடுக்கிவைக்கும் வழக்கத்தைக் களத்தில் கண்டிருக்கும் தணிக்கையாளருக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. சரக்குக்குப் பதில் டாலர், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டில் இது திரும்பவும் நடந்தது. 2018 நவம்பர் 1ஆம் தேதி டெதரின் கணக்கில் 183 கோடி டாலருக்கும் மேல் இருப்பதாக பஹாமாஸ் நாட்டு வங்கியொன்றின் கடிதம் வெளியிடப்பட்டது. மறுநாளே அக்கணக்கிலிருந்து கோடிக்கணக்கான டாலர் பிட்ஃபினெக்ஸுக்குப் பெயரத் தொடங்கியது. பிட்ஃபினெக்ஸ் தன் பணத்தைக் கையாள நம்பியிருந்த ஓர் இடைத்தரகு நிறுவனத்திடம் 85 கோடி டாலர் சிக்கிக்கொண்டிருந்ததே இதற்குப் பின்னணி. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் இரு நிறுவனங்களும் 1.85 கோடி டாலர் செலுத்தி நியூயார்க் விவகாரத்தை முடித்துக்கொண்டன. 2021 அக்டோபரில் அமெரிக்க முன்பேர வணிக ஆணையம் டெதருக்கு 4.1 கோடி டாலர் அபராதம் விதித்தது. 2016க்கும் 2018க்கும் இடையில் ஆணையம் ஆராய்ந்த 26 மாதங்களில், புழக்கத்துக்கு ஈடான ரொக்கக் கையிருப்பு போதுமான அளவில் இருந்த நாட்கள் 27.6 சதவீதம் மட்டுமே என்பது அந்த ஆணையின் மையக் கண்டறிதல். தணிக்கைத் தொழிலைப் பொறுத்தவரை, ஸ்டேபிள்காயின் வரலாற்றிலேயே பயனுள்ள எண் இதுதான் எனலாம். ஏனெனில், கையிருப்பை ஒரு நாளின் நிலையாகப் பாராமல் நாட்களின் தொகுப்பாக அளக்க முடியும் என்பதையும், அப்படி அளந்தால் சான்றறிக்கையின் தோற்றம் எவ்வளவு மாறிவிடும் என்பதையும் இந்த ஒரு விழுக்காடு காட்டிவிடுகிறது.

அதற்குப் பின் டெதரின் நடைமுறை மாறியிருக்கிறது என்பதையும் நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும். 2021 மார்ச் இறுதி நிலவரப்படி அது முதன்முறையாக வெளியிட்ட கையிருப்பு விவரத்தில் ரொக்கம் 3 சதவீதத்துக்கும் குறைவு; ஏறத்தாழ பாதி வணிகத்தாள், அதாவது நிறுவனங்கள் சில மாதக் கெடுவில் பிணையின்றி வாங்கும் கடனுக்கான பத்திரம். அந்த வணிகத்தாள்களை யார் வெளியிட்டார்கள் என்ற விவரம் அதில் இல்லை. 2022 அக்டோபருக்குள் அவை முற்றிலும் கழிக்கப்பட்டு, அமெரிக்கக் கருவூல உண்டியல்கள் கையிருப்பின் பெரும்பகுதியாயின. காலாண்டுதோறும் ஒரு கணக்காய்வு நிறுவனத்தின் சான்றறிக்கையும் வெளிவருகிறது. ஆயினும் தங்கம், பிட்காயின், பிணையுள்ள கடன்கள் ஆகியவையும் கையிருப்பில் இடம்பெறுகின்றன. சந்தை சரியும் நாளில் விலை இறங்குவதும் விற்கக் கடினமாவதும் இவைதான். 2014இல் புழக்கத்துக்கு வந்தது முதல் 2025 முடியும் வரை முழுமையான நிதிநிலைத் தணிக்கை அறிக்கை எதுவும் வெளிவரவும் இல்லை. சான்றறிக்கை, நிறுவனம் தயாரித்த கையிருப்புப் பட்டியல் ஒரு குறிப்பிட்ட நாளில் சரியாக இருந்ததா என்பதைப் பற்றியது. தணிக்கையோ அந்த நாளுக்கு இட்டுவந்த ஓராண்டின் பரிவர்த்தனைகளையும், தொடர்புடைய தரப்பினருடனான கொடுக்கல் வாங்கலையும், உள்கட்டுப்பாடுகளையும், நிறுவனம் தொடர்ந்து இயங்கும் ஆற்றலையும் தொட்டுச் செல்வது. பொதுமக்கள் இரண்டையும் ஒன்றாகக் கருதுவதை மன்னிக்கலாம். தொழில்முறையாளர் ஒருவர் தம் வாடிக்கையாளருக்கு எழுதும் குறிப்பில் 'தணிக்கை செய்யப்பட்ட கையிருப்பு' என்று எழுதுவதை மன்னிக்க இயலாது.

இரண்டாவது நிகழ்வு நேர்மாறானது. ஆகவே கூடுதல் கவனத்துக்கு உரியது. 2023 மார்ச் 10ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, கலிஃபோர்னியாவின் சிலிகான் வேலி வங்கி ஒழுங்குமுறை அமைப்பால் மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஒரே நாளில் வைப்பாளர்கள் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றிருந்தனர். யூஎஸ்டிசியின் கையிருப்பில் ஏறத்தாழ 4,000 கோடி டாலர் இருந்தது. அதில் 330 கோடி அவ்வங்கியில் இருப்பதாக அன்றிரவு சர்க்கிள் அறிவித்தது. வியாழனன்றே அத்தொகையை வெளியே மாற்றக் கட்டளை அனுப்பப்பட்டிருந்தும் வங்கி அதை நிறைவேற்றியிருக்கவில்லை. வைப்புக் காப்பீட்டின் உச்சவரம்போ ஒரு வைப்பாளருக்கு 2.5 லட்சம் டாலர். இங்கே மறைப்பு ஏதும் இல்லை, தொகை பொய்யில்லை, பேரேட்டில் குறையில்லை. 92 சதவீதக் கையிருப்பு தொடப்படாமல் வேறு இடங்களில் இருந்தது. இருந்தும் சனிக்கிழமை யூஎஸ்டிசியின் சந்தை விலை ஏறத்தாழ 87 சென்ட்டுக்கு இறங்கியது. மொத்தமும் இழந்தாலும் எட்டு சதவீதமே இழப்பாக இருந்திருக்கக்கூடிய ஒரு சொத்து பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம் வீழ்ந்ததற்குக் காரணம், வார இறுதியில் வங்கிகள் மூடியிருந்ததும், டோக்கனை டாலராக மாற்றும் வழிகள் அடைபட்டிருந்ததும், டோக்கன் சந்தை மட்டும் இரவு பகலாகத் திறந்திருந்ததும்தான். ஞாயிறு மாலை அமெரிக்கக் கருவூலமும் ஃபெடரல் ரிசர்வும் வைப்புக் காப்பீட்டுக் கழகமும் அவ்வங்கியின் எல்லா வைப்பாளர்களுக்கும் முழுத்தொகை கிடைக்கும் என்று கூட்டாக அறிவித்த பிறகே விலை மீண்டும் ஒரு டாலரை நெருங்கியது. தனியார் நாணயம் ஒன்றின் நிலைத்தன்மையை அன்று காத்தது அரசின் அசாதாரணத் தலையீடு. அடுத்த முறை அப்படி ஒரு தலையீடு வரும் என்று எந்தச் சட்டமும் உறுதியளிக்கவில்லை.

பணச்சந்தை நிதியங்களின் வரலாறு அறிந்தவர்களுக்கு இது 2008 செப்டம்பரை நினைவூட்டும். ரிசர்வ் பிரைமரி நிதியத்தின் சொத்தில் லேமன் பிரதர்ஸ் பத்திரங்கள் 78.5 கோடி டாலர், அதாவது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டிய பங்கு. அவை மதிப்பிழந்ததும் அலகொன்றின் மதிப்பு 97 சென்ட்டுக்கு இறங்கி, முதலீட்டாளர்கள் வெளியேற முண்டியடித்தனர். ஒரு டாலர் என்று நிலையாகச் சொல்லப்பட்ட எதிலும் சிறு பங்கின் மீது எழும் சந்தேகம் முழுமைக்கும் பரவிவிடும் என்பது அப்போதே தெரிந்த பாடம்.

2025 ஜூலை 18ஆம் தேதி கையொப்பமான அமெரிக்காவின் ஜீனியஸ் சட்டம் பழைய குறைகளில் பலவற்றுக்கு விடை காண்கிறது. ரொக்கம், வங்கி வைப்பு, 93 நாட்களுக்குள் முதிரும் கருவூலப் பத்திரங்கள், அவற்றை அடிப்படையாகக் கொண்ட ரெப்போ, அவற்றில் மட்டும் முதலிடும் பணச்சந்தை நிதியங்கள் போன்றவற்றோடு கையிருப்பு நின்றுவிட வேண்டும். மாதந்தோறும் வெளியிடும் விவரத்தைப் பதிவுபெற்ற கணக்காய்வு நிறுவனம் ஆராய வேண்டும். 5,000 கோடி டாலருக்கு மேல் புழக்கமுள்ள வெளியீட்டாளர் ஆண்டுதோறும் தணிக்கை செய்த நிதிநிலை அறிக்கை தர வேண்டும். நொடித்துப்போனால் டோக்கன் வைத்திருப்போருக்கு முன்னுரிமை உண்டு. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் மாதாந்திர விவரமும் மாத இறுதி நாளையே பேசும். காப்பீட்டு வரம்பைத் தாண்டிய வங்கி வைப்பும் கையிருப்பாக அனுமதிக்கப்படுவதால் 2023 மார்ச் வார இறுதி மீண்டும் நிகழ்வதற்கான வழி அடைபடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மிகா சட்டம் கையிருப்பில் குறைந்தது 30 சதவீதத்தையும், பெரிய நாணயங்களாயின் 60 சதவீதத்தையும் வங்கி வைப்பாகவே வைக்கச் சொல்வது இந்த வகையில் கவலைக்குரியது. கருவூல உண்டியலின் இடர் குறைவு, காப்பீடற்ற வங்கி வைப்பின் இடர் அதைவிடக் கூடுதல் என்பதை அச்சட்டம் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது. அதே சட்டம், டோக்கன் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் எந்நேரமும் முகமதிப்பில் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையை வெளியீட்டாளருக்கு எதிராக வழங்குகிறது. இது உலகின் பிற பகுதிகளிலும் பின்பற்றத் தக்கது.

ஏனெனில், திரும்பக் கேட்கும் உரிமை இன்று எல்லோருக்கும் இல்லை. டெதரிடம் நேரடியாக டாலர் பெற வேண்டுமானால், சரிபார்க்கப்பட்ட வாடிக்கையாளராக இருப்பதோடு குறைந்தது 1 லட்சம் டாலர் மதிப்புள்ள டோக்கன்களையும் கொண்டுவர வேண்டும். சர்க்கிளிடம் நேரடிக் கணக்கு வைத்துக்கொள்வதும் பெரும்பாலும் நிறுவனங்களுக்கே இயலும். மற்றவர்கள் பரிமாற்றகத்தில் இன்னொருவருக்கு விற்றுத்தான் வெளியேற வேண்டும். அவர்களுடைய ஒரு டாலர் என்பது கையிருப்பின் மீதான உரிமையாக இல்லாமல், அடுத்து வாங்குபவரின் நம்பிக்கையாக மட்டுமே இருக்கிறது. கையிருப்பு தரும் வட்டி வெளியீட்டாளருக்குப் போவதையும் இங்கே மறக்கக் கூடாது. 2024ஆம் ஆண்டில் 1,300 கோடி டாலருக்கு மேல் லாபம் ஈட்டியதாக டெதரே அறிவித்தது. வட்டி தனக்கு, இழப்பின் இடர் வைத்திருப்போருக்கு என்ற அமைப்பில், சட்டம் தடுக்காத இடமெல்லாம் கூடுதல் வருவாயைத் தேடிப் போகும் தூண்டுதல் வெளியீட்டாளருக்கு என்றும் இருக்கும்.

இந்தியாவில் பணிபுரியும் தணிக்கையாளருக்கு இது தொலைதூர விவகாரமன்று. கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 2021 மார்ச்சில் செய்யப்பட்ட திருத்தத்தால், நிறுவனங்கள் தம்மிடமுள்ள கிரிப்டோ அல்லது மெய்நிகர் நாணய இருப்பைக் குறிப்புரையில் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. அயல்நாட்டு வாடிக்கையாளரிடமிருந்து டோக்கனாகப் பணம் பெறும் நிறுவனம் அதை 'ரொக்கமும் ரொக்கத்துக்கு இணையானவையும்' என்ற தலைப்பின் கீழ் காட்ட விரும்புவது இயல்பே. அத்தலைப்புக்குக் கணக்கியல் தரநிலை கேட்பவை, தெரிந்த தொகைக்கு உடனடியாக மாற்றத்தக்க தன்மையும், மதிப்பு மாறும் இடர் பொருட்படுத்தத் தக்கதாக இல்லாமையும். 40,000 டாலர் மதிப்புள்ள யூஎஸ்டிடி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு வெளியீட்டாளரிடம் நேரடியாகப் போகும் வழியே இல்லை. அந்த இருப்பு முதல் நிபந்தனையிலேயே தவறிவிடுகிறது. யூஎஸ்டிசியாக இருப்பின், நிறுவனத்தின் பெயரில் சர்க்கிளிடம் நேரடிக் கணக்கு உண்டா, அக்கணக்கின் வழியாக உண்மையிலேயே டாலர் பெறப்பட்டிருக்கிறதா, எத்தனை நாளில் என்பவற்றை ஆவணத்தோடு பார்த்த பின்னரே மேலாண்மையின் வகைப்பாட்டை ஏற்கலாம். வெளியீட்டாளரின் சான்றறிக்கையைக் கோப்பில் இணைத்துவிட்டு இக்கேள்விகளைக் கடந்து செல்வது போதாது. அந்த அறிக்கை வெளியீட்டாளரின் கையிருப்பைப் பற்றியது, வாடிக்கையாளரின் உரிமையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.