சாவி சரி, கையெழுத்து?

மாதக் கடைசி. சம்பளப் பட்டியலை என் கம்ப்யூட்டரிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு அனுப்பினால்தான் அங்கிருந்து பாங்குக்குப் போகும். பாஸ்வேர்டெல்லாம் கிடையாது, எஸ்.எஸ்.ஹெச். சாவிதான். ஆறு வருஷமாக மக்கர் பண்ணாத சாவி.

ஞாயிற்றுக்கிழமை சர்வரை அப்கிரேட் செய்தார்கள். திங்கட்கிழமை காலை: 'பர்மிஷன் டினைட்.'

ஏன் என்று சொல்லவில்லை. சொல்லாது. வாசலில் நிற்பவன் திருடனாகவும் இருக்கலாம் அல்லவா? காரணத்தை உள்ளே லாக் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும்.

பதினோரு மணிக்குள் பட்டியல் போகாவிட்டால் இன்றைக்குச் சம்பளம் கிடையாது. என் நாற்காலிக்குப் பின்னால் நாலு பேர் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள்.

"பர்மிஷன் பிரச்னைதான் சார். 777 போட்டுட்டா எல்லாம் திறந்துக்கும்" என்றான் பக்கத்து சீட் பையன். மெஷின் ரூமுக்கு ஓடி, சர்வரின் கீபோர்டிலேயே என் ஹோம் டைரக்டரிக்கு 777 போட்டான். அதாவது, யார் வேண்டுமானாலும் வரலாம், எழுதலாம்.

ஊஹூம்.

அப்புறம்தான் லாகைப் பார்க்கத் தோன்றியது. ஒரே வரி. நான் போடும் கையெழுத்து வகை, அனுமதிப் பட்டியலில் இல்லையாம்.

விஷயம் இதுதான். ரகசியச் சாவி நம்மை விட்டு எங்கும் போவதில்லை. அதை வைத்து ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம். என் பழைய மென்பொருள் போட்டது ஷா-1 முறைக் கையெழுத்து. 2017-ல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிலையமும் இரண்டு வெவ்வேறு பி.டி.எஃப். ஃபைல்களுக்கு ஒரே ஷா-1 முத்திரையை வரவழைத்துக் காட்டிவிட்டார்கள். 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். 8.8, அந்தக் கையெழுத்தைத் தானாக ஏற்பதை நிறுத்தியது. ஆர்.எஸ்.ஏ. சாவியில் குற்றமில்லை. அதே ஆள், அதே கணக்கு. கைநாட்டு மட்டும் செல்லாது.

சர்வரில் ஒரு வரி சேர்த்துக் கைநாட்டையே ஏற்கச் சொல்லலாம். மனசு வரவில்லை. என் பக்கத்து மென்பொருளைப் புதுப்பித்தேன். அதே சாவி, ஷா-2 கையெழுத்து.

மறுபடி 'பர்மிஷன் டினைட்'!

இந்தத் தடவை நேரே லாக். 'டைரக்டரியின் பர்மிஷன் சரியில்லை.' அடப்பாவி, 777! ஊரே எழுதக்கூடிய வீட்டுக்குள் இருக்கும் சாவிப் பட்டியலை எஸ்.எஸ்.ஹெச். நம்பாது. எவனாவது தன் சாவியையும் அதில் சேர்த்திருக்கலாமே. 755 ஆக்கினேன். திறந்தது. மணி பத்து ஐம்பது.

சாயந்திரம் எல்லோருக்கும் சம்பளம் வந்தது. பையன் என் தோளைத் தட்டினான்.

"நான்தான் அப்பவே சொன்னேனே சார், பர்மிஷன் பிரச்னைன்னு!"