வெறும் தலைவலிதானா?

கோட்டக்குப்பம் தாண்டினால் புதுச்சேரி. மது வாங்க தமிழ்நாட்டில் வயது 21, அங்கே 18. கல்லூரிப் பசங்க சனிக்கிழமை எல்லை தாண்ட வேறு காரணம் வேண்டுமா? மறுநாள் காலை தலைவலி, ஒரு மாத்திரை, மறுபடி தூக்கம். "ஹேங்ஓவர்டா மச்சி" என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

முடியாத நாளும் உண்டு. இதே கடற்கரையில், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் 10க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனாலும் முதலில் தலைவலி, வாந்தி என்றுதான் ஆரம்பிக்கும். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகுதான் கண் மங்கும். அதற்கு 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

குடிக்காதே என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. இதையாவது கேட்கலாமே: குடித்த மறுநாள் நண்பனுக்குப் பார்வை மங்கினாலோ மூச்சு வாங்கினாலோ தூங்க விடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் அவன் கண்ணைப் பறிகொடுக்க வேண்டாம்.