டிரோன் யந்திரம் தானே திரும்புதலும் தென்னை மரங்களும்

பயிருக்கு மருந்து தெளிக்கும் டிரோன் யந்திரம் நம் குடியானவர்களுக்கு இப்போது புதுமையான பொருளன்று. 2023-ம் வருஷத்தில் ஏற்பட்ட நமோ டிரோன் தீதி திட்டத்தின்படி, மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு யந்திரத்தின் விலையில் நூற்றுக்கு 80 பங்கு, ரூ. 8 லட்சத்துக்கு மேற்படாமல், மானியமாக அளிக்க ஏற்பாடாயிற்று. இத்தனை விலையுள்ள யந்திரத்தை, "வழி தவறினால் தானே வீடு திரும்பிவிடும்" என்னும் ஒரே நம்பிக்கையில் பறக்கவிடுவது விவேகமாகாது.

திரும்புதல் என்பது யாதெனில், கிளம்புகையில் யந்திரம் அவ்விடத்தைக் குறித்துக்கொள்ளுகிறது. ரிமோட்டின் தொடர்பு அறுந்தாலும், பாட்டரி குறைந்தாலும், முன்னரே விதித்த உயரத்துக்குச் செங்குத்தாக எழும்பி, நேர்கோட்டில் வந்து இறங்குகிறது. நடுவிலுள்ள மரத்தையும் கம்பியையும் அது அறிந்திருப்பதாகக் கொள்ளலாகாது. தடையுணரும் கருவி பொருத்திய யந்திரங்களும் மெல்லிய மின்கம்பியையும் ஓலை நுனியையும் காணத் தவறுவதுண்டு. மாலை மங்கலில் சொல்ல வேண்டுவதில்லை.

ஆம்பூர்ப் பக்கத்து நிலங்களுக்கு இது மிகவும் பொருந்தும். பாலாற்றங்கரையில் வரப்போரமெல்லாம் தென்னை. தோல் ஷாப்புகளின் கழிவால் கிணறு உவர்த்த இடங்களிலும், உவரை ஓரளவு தாங்குவதால், தென்னையே நிற்கிறது. ஷாப்புகளுக்குச் செல்லும் மின்கம்பிகளும், புகைபோக்கிகளும், ரயில் பாதையின் மேற்கம்பியும் அருகிலேயே உள்ளன. மரங்களுக்கோ தகரக் கொட்டகைக்கோ அப்பால் யந்திரம் மறையும் சமயத்திலேதான் தொடர்பு அறுவது சகஜம். ஆகவே, திரும்புதல் தொடங்கும் இடமே தடைகள் மிகுந்த இடமாக அமைந்துவிடுகிறது.

உயரத்தை மிக அதிகமாக விதித்துவிட்டால் போதாதோ என்று சிலர் கேட்கலாம். போதாது. 2021-ம் வருஷத்து டிரோன் விதிகள் பச்சை மண்டலத்தில் 400 அடி வரை இடங்கொடுத்தபோதிலும், பயிருக்கு மேல் சுமார் 10 அடியில் தெளித்துக்கொண்டிருக்கும் யந்திரம் எழும்பும்போதே, தலைக்குமேல் நீண்டிருக்கும் மட்டையில் மோதும். தென்னை மட்டை 15 அடி வரை நீளுமன்றோ! மேலும், வீண் உயரம் ஏறுவதில், ஏற்கெனவே குறைந்த பாட்டரி இன்னும் குறையும். எதிர்க்காற்றும் சேர்ந்தால் யந்திரம் வந்து சேருவதே சந்தேகம். விதித்த உயரம் பெரும்பாலும் கிளம்பிய இடத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது என்பதையும் மறத்தலாகாது. ஆற்றோரத்தில் கிளம்பி, 40 அடி மேடான மலையடி நிலத்தில் தெளித்தால், 100 அடி என்று விதித்தது அங்கே 60 அடியேயாகும். வளர்ந்த நெட்டை மரத்துக்கு அது காணாது.

ஆதலின், உயரத்தை விற்பனையாளரோ, முந்தின நாள் வேறோர் ஊரில் தெளித்தவரோ விதித்தபடி விட்டுவிடாமல், வயலுக்கு வயல் நிலத்துக்காரருடன் சுற்றிப் பார்த்து, அங்குள்ள மிக உயர்ந்த தடைக்குமேல் 30 அடியாவது கூட்டி நிர்ணயிப்பதே முறை. மட்டை கவிந்த ஓரங்களில், தொடர்பு அறுந்தால் திரும்பாமல் அவ்விடத்திலேயே நிற்கும்படி யந்திரத்தில் வசதியிருப்பின், அதையே தேர்ந்தெடுத்தல் நலம். ஓட்டுபவர் நடந்து சென்று தொடர்பை மீட்டுக்கொள்ளலாம். பாட்டரி குறையுமுன் கையாலேயே இறக்குவது எல்லாவற்றிலும் மேல். புதிய வயலுக்குப் பெயர்ந்ததும், செயற்கைக்கோள் தொடர்பு நிலைத்த பின்னரே கிளப்பி, குறித்த இடம் மாறியுள்ளதா என்று பார்க்க வேண்டும். அன்றேல் யந்திரம் பழைய வயலை நாடிப் போகும்.

இவற்றுக்கு வயலொன்றுக்குக் கால்மணி நேரம் செல்லும். ஏக்கர்க் கணக்கில் கூலி வாங்கும் பெண்களுக்கு அது நஷ்டமே. அந்தக் கால்மணிக்கும் சேர்த்துக் கூலி பேசுவது நிலத்துக்காரர் கடமை. கம்பி எங்கே தாழ்ந்து செல்லுகிறதென்று காட்டவேண்டியவரும் அவரே.