மறுப்பாணை கைக்கு வந்த அன்றே வழக்கறிஞர் வேண்டும்

தமிழ்நாடு மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயல் தலைவர், மாண்பமை நீதியரசர் அவர்களுக்கு,

2025 ஜூலை 26, கார்கில் வெற்றி நாளன்று, தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு ஸ்ரீநகரில் ‘வீர் பரிவார் சகாயதா யோஜனா’ திட்டத்தைத் தொடங்கியது. படைவீரர் நல வாரியங்களில் சட்ட உதவி மையம் அமைத்து, படைவீரருக்கும் அவர் குடும்பத்துக்கும் இலவசமாக உதவுவது அதன் நோக்கம். மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த மையம் நிலத் தகராறுக்கும் குடும்ப வழக்குக்கும் ஆலோசனை சொல்வதோடு நின்றுவிட்டால், வழக்கறிஞர் துணை மிக அவசியமான இடத்தில் படைவீரர் தனியாகத்தான் நிற்பார். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தைச் சொல்கிறேன். அங்கே எதிர்த்தரப்பு, அவர் யாருக்காகப் பணியாற்றினாரோ அந்த அரசுதான். தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் கட்டணமின்றி வாதாடத் தன்னார்வ வழக்கறிஞர் அணி ஒன்றைத் தாங்கள் உருவாக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

தரம்வீர் சிங் வழக்கைத் தாங்கள் அறிவீர்கள். 1985இல் ராணுவத்தில் சேர்ந்த அவர், வலிப்பு நோயால் 20 சதவீத நிரந்தர ஊனம் என்று 1994இல் வெளியே அனுப்பப்பட்டார். நோய் அவருடைய உடல்வாகால் வந்தது, பணியால் வந்ததல்ல என்று மெடிக்கல் போர்டு எழுதியது. டிசபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டது. சேரும்போது எழுதிய மருத்துவக் குறிப்பில் நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால், பிறகு வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013இல். இதைச் சொல்லும் விதிகள் 1982 முதலே இருந்தன. அவற்றை எடுத்துக்காட்டி வாதாடி வெல்ல, வெளியே அனுப்பப்பட்ட நாளிலிருந்து ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஆயின. பென்ஷன் மறுப்பாணையில் இருப்பதோ இரண்டு மூன்று வரிகள். அவற்றுக்குப் பின்னால் எந்த விதி மீறப்பட்டிருக்கிறது என்பதை ஓய்வுபெற்ற ஒரு நாயக்கோ ஹவில்தாரோ தானாகக் கண்டுபிடித்துவிட முடியாது.

காலமும் அவருக்கு எதிராகவே ஓடுகிறது. 2007ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டப்படி, இறுதி ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு; மன்னித்தாலும் இழப்பு இழப்புதான். தார்செம் சிங் என்ற வீரர் 1983இல் ராணுவத்திலிருந்து உடல்நிலை காரணமாக அனுப்பப்பட்டு 1999இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பென்ஷன் உரிமை அவருக்கு உண்டு என்று ஆன பிறகும், நிலுவைத்தொகையை மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என 2008இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. பதிமூன்று ஆண்டுப் பணம் போனது. தாமதமாகக் கிடைக்கும் சட்ட உதவி பாதி உதவிகூட ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மையத்தில் இருக்கும் வழக்கறிஞர் மறுப்பாணையைப் படித்த கையோடு தீர்ப்பாய மனுவையும் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ராணுவத்துக்கே சட்டப் பிரிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அது படைத் தலைமைக்கு ஆலோசனை சொல்லும் பிரிவு. அந்தத் தலைமையின் முடிவை எதிர்ப்பவருக்கு அதுவே துணை நிற்க முடியாது. பென்ஷன் வாங்குகிறவருக்கு இலவச உதவி எதற்கு என்ற கேள்வி இன்னும் கனமானது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலேயே அதற்கு விடை உண்டு. பெண்களுக்கும் தொழில்துறைத் தொழிலாளர்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் அது வருமானம் பார்ப்பதில்லை. நீதியை எட்டுவதில் அவர்களுக்குள்ள தடையைத்தான் பார்க்கிறது. படைவீரரின் மனைவி பெண் என்ற தகுதியிலேயே உள்ளே வந்துவிடுகிறார். 20 சதவீத ஊனத்தோடு வீடு திரும்பியவருக்கோ மாற்றுத்திறனாளிச் சான்றிதழின் வழக்கமான 40 சதவீத வரம்பும் எட்டாது, படைவீரர் என்ற தனித் தகுதியும் அந்தப் பிரிவில் இல்லை. கட்டணம் வாங்காத வழக்கறிஞருக்கு இந்தப் பிரிவு தடை போடவில்லை. அந்த வெற்றிடத்தைத் தன்னார்வலர்களால்தான் உடனே நிரப்ப முடியும்.

இலவசம் என்றால் ஆதாரமில்லாத வழக்குகள் குவியும் என்ற அச்சமும் உண்டு. என் கணிப்பு நேர்மாறானது. ஆவணத்தைப் படித்து, “இது நிற்காது, போடாதீர்கள்” என்று சொல்லக் கூலி எதிர்பார்க்காதவரால் தயக்கமின்றி முடியும்.

அமெரிக்க அனுபவம் இங்கே பயன்படும். முன்னாள் படைவீரரின் பென்ஷன் கோரிக்கைக்கு வழக்கறிஞர் வாங்கக்கூடிய கட்டணத்தை 1864இல் அந்நாடு பத்து டாலராக வரையறுத்தது. ஏமாற்றுக்காரர்களிடமிருந்து வீரர்களைக் காப்பதே நோக்கம். ஆனால் 1988 வரை நீடித்த அந்த வரம்பு, வழக்கறிஞர்களையே அத்துறையிலிருந்து விலக்கிவைத்தது. அந்த ஆண்டு முன்னாள் படைவீரர்களுக்கென்று தனி நீதிமன்றம் பிறந்தது. வழக்கறிஞர் இல்லாமல் அங்கே வருபவர்களுக்காக 1992இல் தன்னார்வ வழக்கறிஞர் திட்டம் தொடங்கியது. அத்திட்டத்தில் சேர்பவருக்கு முதலில் பயிற்சி தரப்படுகிறது; அதன் பிறகே வழக்கு. தனித் தீர்ப்பாயம் அமைப்பது மட்டும் போதாது என்று அவர்கள் நான்கே ஆண்டுகளில் உணர்ந்தார்கள். நம் தீர்ப்பாயம் 2009இல் செயல்படத் தொடங்கியது; நாமும் அதை உணர இனித் தாமதிக்கக் கூடாது.

அந்தப் பயிற்சியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தன்னார்வப் பணிக்கு எதிராகச் சொல்லப்படுவதில் நியாயமானது ஒன்றுதான்: காசு வாங்காத வழக்கைச் சிலர் கடைசியில் தள்ளிவைப்பார்கள். நல்ல மனம் மட்டும் அதற்கு மருந்தாகாது. ராணுவச் சட்டப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களைப் பயிற்றுநர்களாக அழையுங்கள். இதே துறையில் மத்திய அரசுக்காக வாதாடுபவர்களை அணியில் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு மறுப்பாணையும் மையத்துக்கு வந்த தேதி, மனு தாக்கலான தேதி இரண்டையும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மாதந்தோறும் தங்களுக்கு அனுப்பட்டும். பணியில் இருப்போருக்காக, 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்காடல் சட்டத்தையும் பயிற்சியில் சேருங்கள். எல்லையில் இருப்பவரால் ஊர் வழக்குக்கு வர இயலாது என்று மாவட்ட ஆட்சியரே நீதிமன்றத்துக்குச் சான்றளிக்க அதில் வழி இருக்கிறது.

வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பிய ஊர்கள் உண்டு. முதல் அணியை அங்குள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் அமர்த்தி, ஆறு மாத வரம்பு இன்னும் முடியாத மறுப்பாணைகளை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
ஒரு குடிமகன்