பேனை பிள்ளையின் கையில் இருக்கட்டும்



தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாகப் போகும் பஸ், பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகவே செல்கிறது. ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் அந்தப் பாதையால் போகும் உம்மாமார் எத்தனையோ பேர், "யா அல்லாஹ், என் பிள்ளையும் ஒரு நாள் இங்கே இறங்க வேண்டும்" என்று மனதுக்குள் துஆச் செய்திருப்பார்கள். அந்த துஆ கபூலாகும் நேரம் நெருங்கும்போதுதான் நம்மில் பலர் ஒரு தவறைச் செய்கிறோம். பிள்ளையின் விண்ணப்பத்தை நாமே நிரப்பிவிடுகிறோம்.

இதை நான் பிறரைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. அந்தத் தவறைச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பிள்ளை உயர்தரத்தில் நல்ல பெறுபேறு பெற்றாள். மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவளுடைய வாப்பா கடிதாசியையும் பேனையையும் என்னிடம் தந்து, "மௌலவி, நீங்களே ஒழுங்குபடுத்தித் தாங்க" என்றார். "கிடைக்குமோ கிடைக்காதோ என்பதை முதலில் போடாதே, நிச்சயமாகக் கிடைப்பதைப் போடு" என்று சொல்லி, உயிரியல் விஞ்ஞானத்தை நான் முதலாவதாக எழுதினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. வெட்டுப்புள்ளி வெளியானபோது, அவள் ஆசைப்பட்ட பாடநெறிக்கும் அவளுடைய இஸட் புள்ளி போதுமாக இருந்தது. ஆனால் கிடைத்தது நான் முதலில் எழுதியது!

ஏன் அப்படி நடந்தது? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பிள்ளை இட்ட ஒழுங்கிலேயே தெரிவுகளைப் பார்க்கிறது. மேலே உள்ளதற்குப் புள்ளி போதுமானால் அதுவே வழங்கப்படும். அதற்குக் கீழே உள்ளவை கவனிக்கப்படமாட்டா. போதாவிட்டால் அடுத்ததற்குச் செல்லும். ஆகவே மிக விரும்புவதை முதலில் இடுவதால் நட்டமில்லை. 'நிச்சயமானதை' முதலில் இடுவதால்தான் நட்டம். அது இருக்க வேண்டிய இடம் பட்டியலின் கடைசி.

இன்னொன்றையும் அறிந்து கொள்ளுங்கள். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் இடம் ஒதுக்கப்படுகிறது. கண்டி மாவட்டம் அந்தப் பதினாறில் இல்லை. நம் பிள்ளைகள் பெரிய நகரப் பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒரு தெரிவு பிசகினாலும் அதன் பாரம் பெரிது.

அப்படியானால் பெற்றோர் விலகி நிற்பதா? அதுவும் சரியல்ல. கைநூலைப் பிள்ளையோடு உட்கார்ந்து வாசியுங்கள். கடந்த வருட வெட்டுப்புள்ளிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அடையாள அட்டை, சான்றிதழ்களைத் தேடி எடுத்துக் கொடுங்கள். முடிவுத் திகதியைச் சுவரில் எழுதி வையுங்கள். கடையொன்றில் போய் நிரப்பினாலும், கடைக்காரரின் தொலைபேசி இலக்கத்தையோ மின்னஞ்சலையோ கொடுக்காமல் பிள்ளையுடையதையே கொடுங்கள். கடவுச்சொல்லைக் கொப்பியில் குறித்து வையுங்கள். அனுப்புமுன் ஒரு தடவை பிழை பாருங்கள். ஆனால் தெரிவுகளின் ஒழுங்கைப் பிள்ளையே எழுதட்டும்.

பெண் பிள்ளைகள் விடயத்தில் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணம், ஒலுவில் என்று தூர இடங்களைக் கண்டதும் சில வாப்பாமார் சத்தமில்லாமல் கோடு கீறிவிடுகிறார்கள். பயம் இருந்தால் அதை வாய் திறந்து சொல்லுங்கள். விடுதி எப்படி, ஊர்ப்பிள்ளைகள் யாரும் அங்கே படிக்கிறார்களா என்று விசாரியுங்கள். செலவுதான் கவலை என்றால், 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் இன்றும் இருக்கிறது. பேசித் தீர்மானிப்பது வேறு, பிள்ளைக்குத் தெரியாமல் வெட்டுவது வேறு.

நபி இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு மகனை அறுப்பது பற்றிக் கனவில் காட்டப்பட்டது. இறைவனின் கட்டளையாக இருந்தும், "உன் அபிப்பிராயம் என்ன?" என்று மகனிடம் அவர்கள் கேட்டதை அல்குர்ஆன் நமக்குச் சொல்லித் தருகிறது. இறைகட்டளையிலேயே பிள்ளையைக் கேட்டார்கள் என்றால், மனிதர் வகுத்த ஒரு விண்ணப்பத்தில் கேட்காதிருக்க நாம் யார்?

அந்தப் பிள்ளை தனக்குக் கிடைத்ததைப் படித்து முடித்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அண்மையில் தம்பியின் பெறுபேற்றோடு உம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தாள். நான் வழமை போல் பேனையை எடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "மௌலவி, தம்பி எழுதட்டும். நாங்க பக்கத்துல இருந்து பார்ப்போம்" என்றாள்.

பேனையை அவனிடம் கொடுத்துவிட்டேன்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்கு நலவானதைத் தேர்ந்தெடுக்கும் அறிவையும், நமக்கு அவர்களுக்குச் செவிசாய்க்கும் மனதையும் தந்தருள்வானாக. ஆமீன்.