காதுக்குக் கதவு இல்லை!

ஆடி மாதம் வந்தால் போதும். விடியற்காலை 4 மணிக்கே புளியமரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி அலறுகிறது. ஒரு ஊரில் கட்டினால் பக்கத்து ஊரும் தூங்க முடியாது.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கப்பா. வீட்டிலே உடம்பு முடியாதவங்க இருக்காங்க" என்று ஒரு பெரியவர் போய்ச் சொன்னால், "வருஷத்துக்கு ஒரு நாள்தானே பெரியவரே, பொறுத்துக்குங்க" என்று பதில் வருகிறது.

ஒரு நாள்தானா?

கோவிலுக்கு ஒரு நாள். கல்யாணத்துக்கு ஒரு நாள். மஞ்சள் நீராட்டுக்கு ஒரு நாள். கட்சிக் கூட்டத்துக்கு ஒரு நாள். போடுகிறவருக்கு ஒரு நாள்தான். கேட்கிறவருக்கு வருஷம் பூராவும்!

சென்னையில் மைக் செட் ஓய்ந்தாலும் ஹாரன் ஓய்வதில்லை. காதைக் கிழிக்கும் ஹாரன் கூடாது என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. ஆஸ்பத்திரி வாசலில்கூட யார் கேட்கிறார்கள்?

கண்ணுக்கு இமை இருக்கிறது. காதுக்குக் கதவு இல்லை. தூக்கம் கலையாவிட்டாலும் சத்தம் கேட்டதும் இதயத் துடிப்பு கூடுகிறது. 85 டெசிபல் சத்தத்தில் தினமும் 8 மணி நேரம், வருஷக்கணக்கில் இருந்தால் காது மந்தமாகும். உள்காதில் செத்துப்போன செல்கள் மறுபடி முளைப்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். வெட்டவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டரை மாநில அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம்.

திருவிழாவையும் சட்டம் மறக்கவில்லை. மாநில அரசு 12 மணி வரை விலக்கு தரலாம். அதுவும் வருஷத்துக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை.

"புகார் வந்தால் நடவடிக்கை எடுப்போம்" என்பது போலீசாரின் வழக்கமான பதில். யார் புகார் கொடுப்பது? பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் மறுநாள் விழிக்க வேண்டாமா?

அனுமதிச் சீட்டில் இடமும் நேரமும் எழுதியிருக்கிறது. சீட்டுக் கொடுத்தவர்களே இரவு 10 மணிக்கு ஒரு நடை போய்ப் பார்க்கட்டும். சீட்டு இல்லாத செட்டை அங்கேயே இறக்கட்டும். எந்தப் பெரியவரும் பகையைத் தேடிக்கொண்டு புகார் எழுத வேண்டியதில்லை.

அம்மனுக்குக் காது நன்றாகவே கேட்கும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூங்கட்டும்!